ஒரு போதகர் விட்டுச் சென்ற காகிதங்கள்



வீட்டில் ஒரு பெரியவர் இறந்து, அடக்கமும் முப்பதாம் நாள் பூசையும் முடிந்தபின், பிள்ளைகள் அவருடைய பெட்டியைத் திறப்பார்கள். நிலப் பத்திரமும் நகைச் சீட்டும் உடனே தனியாக எடுத்து வைக்கப்படும். மீதியாய் இருப்பவை பழைய கடிதங்கள், நாட்குறிப்பு, யாரோ எப்போதோ சொன்னதை எழுதிய துண்டுத் தாள்கள். இவை எடைக்குப் போகும். அல்லது அடுப்புக்குப் போகும். அவற்றோடு எது போயிற்று என்பது போனபின் ஒருவருக்கும் தெரியாது. நஷ்டம் இன்னதென்று தெரியாதபடியால் வருத்தமும் வருவதில்லை.

அவ்வண்ணம் அழிந்திருக்கக் கூடிய ஒருவருடைய காகிதங்களைப் பற்றி இவ்வாரப் பாடத்தில் சிந்திப்போம். அவர் நமது திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அமெரிக்காவில் பிரெஸ்பிட்டேரியன் சபை என்னும் பிரிந்த சகோதரர் சபையின் போதகர். ஆயினும் உண்மையைத் தேடிச் சேர்ப்பதில் அவர் காட்டிய பொறுமை எந்தச் சபையாருக்கும் நல்ல மாதிரியே. அவர் பெயர் ஜான் டாப்னி ஷேன். பிறந்தது 1812; இறந்தது 1864.

1. இடமும் காலமும்

முதலில் அவர் வாழ்ந்த இடத்தை அறிந்துகொள்வோம். வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் ஆங்கிலேயர் குடியேறிய நாடுகளுக்கு மேற்கே அப்பலாச்சியன் மலைத்தொடர் மதில்போல் நிற்கிறது. மலைக்கு அப்பால் வெள்ளையர் குடியேறலாகாது என்று இங்கிலாந்து மன்னர் 1763-ல் ஆணை பிறப்பித்தார். ஆணை காகிதத்தில் இருந்தது. ஜனங்களோ கணவாய் வழியாய் நடந்தார்கள். 1774, 1775-ஆம் ஆண்டுகளில் இன்றைய கென்டக்கி மாநிலத்தில் ஹாரட்ஸ்பர்க், பூன்ஸ்பரோ என்னும் முதற் குடியிருப்புகள் எழுந்தன. மரக்கட்டைகளால் ஆன வீடுகளை வரிசையாய்க் கட்டி, சுற்றிலும் மரக்கம்பங்களால் அரண் செய்துகொண்டு அதற்குள் வாழ்ந்தார்கள். அதைத்தான் எல்லைப்புறம் என்பது.

அந்நிலம் வெறுமையாய்க் கிடந்த நிலமன்று. ஷானி, செரோக்கி, டெலவேர் முதலிய பூர்வ குடிகள் வேட்டைக்கும் வாழ்வுக்கும் நம்பியிருந்த நிலம் அது. ஆகவே இருபது ஆண்டுகளுக்கு மேல் இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் கொன்றார்கள். 1782 ஆகஸ்டு 19-ந் தேதி புளூ லிக்ஸ் என்னுமிடத்தில் நடந்த ஒரே சண்டையில் கென்டக்கிக் குடியேறிகளில் ஏறக்குறைய 70 பேர் மாண்டார்கள். இருந்தும் வருகிறவர் வரத்து நிற்கவில்லை. 1790-ல் எடுத்த குடிக்கணக்கில் கென்டக்கியின் மக்கள் தொகை 73,677. பத்தாண்டு கழித்து அது 2,20,955. 1792-லேயே அது தனி மாநிலமாயிற்று.

ஒகாயோ ஆற்றின் வடகரையிலுள்ள சின்சினாட்டி நகரில் ஷேன் பிறந்தார். நகரம் தோன்றியே அப்போது 24 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அவர் வளர்ந்து போதகரானபோது காடு வயலாகிவிட்டது, அரண்கள் விழுந்துவிட்டன, ஆற்றில் நீராவிக் கப்பல் ஓடியது. ஆனால் முதற்காலத்தில் மலையைக் கடந்து வந்தவர்களிற் சிலர் இன்னும் உயிரோடிருந்தார்கள். 1780-ல் இருபது வயது வாலிபனாய் வந்தவன் 1843-ல் எண்பத்து மூன்று வயதுக் கிழவன் அல்லவா? கேட்க வேண்டுமானால் அப்போதே கேட்க வேண்டும். பத்தாண்டு தாமதித்தால் கேட்பதற்கு ஆள் இராது.

2. அவர் செய்த வேலை

ஷேன் பெரிய நூலாசிரியர் அல்லர். 1840-களில் கென்டக்கியில் போதக ஊழியம் செய்துகொண்டிருந்தபோது, தமது சபை அந்நாட்டில் வேரூன்றிய சரித்திரத்தை எழுத வேண்டுமென்ற ஆசை அவருக்கு உண்டாயிற்று. சபையின் பழைய குறிப்பேடுகள், போதகர்களின் கடிதங்கள், பிரசங்கத் தாள்கள் ஆகியவற்றைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். அச்சபையில் ஒவ்வொரு கோயிலுக்கும் மூப்பர் சங்கம் உண்டு. யார் சேர்ந்தார், யார் விலகினார், குடித்துச் சண்டையிட்டவர் யார், அவர் மனஸ்தாபப்பட்டாரா இல்லையா என்பதெல்லாம் அச்சங்கத்தின் ஏட்டில் பதிவாகும். இத்தகைய ஏடுகள் இறந்துபோன மூப்பருடைய வீட்டுப் பரணில் கிடந்து செல்லரிப்பது எங்கும் உள்ள வழக்கமே.

ஏடுகளைத் தேடிப் போன இடங்களில் முதியோரைக் கண்டார். கண்டவர் அவர்களைப் பேசச் சொல்லி, பேசியதை எழுதினார். இப்படி 1840-களிலும் 1850-களிலும் கென்டக்கியிலும் ஒகாயோவிலுமாக அவர் எழுதிக்கொண்ட முதியோர் வாக்குமூலங்கள் 300-க்கு மேற்பட்டவை. இதற்காக எவரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. சபைச் சரித்திரத்துக்கு வேண்டியதை மாத்திரம் கேட்டு எழுந்துவிடாமல், அவர்கள் எதைச் சொன்னாலும் எழுதியதுதான் அவருடைய தனிச் சிறப்பு.

3. அவர் எழுதிய முறை

இதை விளங்கிக்கொள்ள இன்னொருவர் எழுதிய முறையை அருகில் வைத்துப் பார்ப்போம். கென்டக்கியைப் பற்றிய முதல் சரித்திர நூலை ஜான் ஃபில்சன் என்னும் பள்ளி ஆசிரியர் 1784-ல் வெளியிட்டார். அதில் டேனியல் பூன் என்னும் புகழ்பெற்ற வேட்டைக்காரர் தம் கதையைத் தாமே சொல்வதாக ஒரு பகுதி உண்டு. அந்தக் கதையினால் பூனின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆனால் அதிலுள்ள நடை காட்டில் வளர்ந்த வேட்டைக்காரருடைய நடையன்று. கற்றறிந்த ஆசிரியருடைய அலங்கார நடை. வாய் பூனுடையது, பேச்சு ஃபில்சனுடையது.

ஷேன் அவ்வாறு செய்யவில்லை. சொன்னவர் ‘நான்’ என்று சொன்னால் இவரும் ‘நான்’ என்றே எழுதினார். ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் அந்தத் தாவலையும் எழுதினார். குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த முதியவர் நடுவே மாட்டைப் பற்றியும், மாட்டிலிருந்து அயல் வீட்டாருடைய கஞ்சத்தனத்தைப் பற்றியும் பேசினால், அந்த வரிசை அப்படியே தாளில் இருக்கிறது. இலக்கணம் திருத்தவில்லை, அழகு சேர்க்கவில்லை. படிப்பதற்குச் சிரமம்தான். ஆனால் அறுபது ஆண்டுக்கு முந்தின ஒரு விவசாயியின் வாய்ப்பேச்சு நமக்குக் கேட்கிறது.

அவர் கேட்ட ஆட்களையும் கவனியுங்கள். படைத்தலைவர்களையும் சட்டசபையாரையும் தேடிப் போகிறவர் அன்றும் பலர் இருந்தனர். ஷேனுடைய தாள்களில் சாதாரணக் குடியானவரும் வேட்டைக்காரரும் இருக்கிறார்கள். சாரா கிரஹாம், ஜேன் ஸ்டீவன்சன் போன்ற பெண்களும் இருக்கிறார்கள். சண்டைக்குப் போன ஆடவர் சண்டையைச் சொல்வர். அரணுக்குள் குழந்தைகளை வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்களே அந்த நாட்களின் மற்றப் பாதியை அறிவர். அவர்களையும் உட்காரவைத்துக் கேட்டது, அக்காலத்துச் சரித்திரக்காரர்களிடம் காண்பதற்கு அரிது.

4. அத்தாள்களில் இருப்பது என்ன?

ஓர் உதாரணம் சொல்வோம். வில்லியம் கிளிங்கன்பியர்ட் என்பவர் 1779-ல் கென்டக்கிக்கு வந்து ஸ்ட்ரோட் என்பவரின் அரணில் குடியிருந்தவர். அவர் சரித்திரப் பெரியார் அல்லர். எந்தப் படைக்கும் தலைவராயிருந்தவரும் அல்லர். முதியவரான அவரை ஷேன் கண்டு பேசினார். தாமும் தம் மனைவியும் குடித்தனம் தொடங்கியபோது வீட்டில் தட்டில்லை, கரண்டியில்லை. தம்மிடமிருந்த ஓர் இறைச்சிக் கத்தி ஒன்றுதான் இருந்தது என்று அவர் சொன்னதை ஷேன் எழுதிவைத்தார்.

இது சிறிய செய்தி. எந்தப் போர்ச் சரித்திரத்திலும் இதற்கு இடமில்லை. ஆனால் புதிதாய் மணமுடித்த ஓர் ஆணும் பெண்ணும் ஒரே கத்தியோடு குடும்பம் நடத்தத் தொடங்கியதை நினைத்துப் பாருங்கள். எல்லைப்புற வாழ்வு இன்னதென்று நூறு பக்கம் எழுதினாலும் இவ்வளவு விளங்காது.

அவர் வந்த ஆண்டின் குளிர் அந்நாட்டுச் சரித்திரத்தில் ‘கொடிய குளிர்காலம்’ என்றே பெயர் பெற்றது. 1779-ன் இறுதியிலிருந்து 1780-ன் தொடக்கம் வரை ஆறுகள் உறைந்து கிடந்தன. மாடுகள் மடிந்தன, காட்டு மிருகங்களும் மெலிந்து செத்தன. மக்காச்சோளத்தின் விலை ஏழைக்கு எட்டாமற் போயிற்று. ஆட்டு ரோமம் கிடையாதபடியால் காட்டெருமையின் ரோமத்தையும் காஞ்சொறிச் செடியின் நாரையும் சேர்த்து நெய்து உடுத்திக்கொண்டவர் உண்டு. உப்புக்காக உவர் ஊற்றுகளில் பாத்திரம் பாத்திரமாய் நீரைக் காய்ச்சினார்கள். உயிரைப் பணயம் வைத்துத்தான் அங்கே போக வேண்டும்.

இதே காலத்தைப் பற்றி இன்னொரு போதகரும் எழுதியிருக்கிறார். அவர் ஜோசப் டாட்ரிட்ஜ், 1769-ல் பிறந்தவர், எப்பிஸ்கோப்பல் சபைப் போதகரும் வைத்தியருமாய் ஒகாயோ ஆற்றங்கரையில் வெல்ஸ்பர்க் என்னும் ஊரில் வாழ்ந்தவர். எல்லைப்புறத்திலேயே பிள்ளையாய் வளர்ந்த அவர், தாம் கண்டவற்றை 1824-ல் நூலாக வெளியிட்டார். மாவு தீர்ந்துபோன வாரங்களில் மானின் கொழுப்பற்ற இறைச்சியையும் வான்கோழியின் நெஞ்சுக்கறியையும் அப்பம் என்று பெயரிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாகவும், அப்படிச் சொல்லிக்கொண்டாலும் வயிறு நிறைந்ததாகத் தோன்றவில்லை என்றும் அதில் அவர் சொல்கிறார். ‘எங்கள் அனுதின அப்பம்’ என்று நாள்தோறும் செபிக்கிற நமக்கு இந்த ஒரு செய்தி போதும்.

5. சாட்சியை நிறுத்துப் பார்த்தல்

இங்கே ஒரு கேள்வி எழும். அறுபது ஆண்டு கழித்துக் கிழவர்கள் சொல்வதை எப்படி நம்புவது? மறதி இல்லையா? தற்பெருமை இல்லையா?

நியாயமான கேள்வியே. ஆகையால் சாட்சியை நிறுத்துப் பார்க்கும் முறையை அறிந்துகொள்வது நலம்.

முதலாவது, சொன்னவர் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்று பார்க்க வேண்டும். தன் வீட்டில் தட்டில்லை என்பதைச் சொல்லக் கிளிங்கன்பியர்டைவிடத் தகுந்த சாட்சி யார்? அதே முதியவர் நூறு மைல் தொலைவில் நடந்த சண்டையில் மாண்டவர் தொகையைச் சொன்னால் அதே உறுதியோடு ஏற்க முடியாது. மாதமும் ஆண்டும் மனதிலிருந்து வழுவும்; பசியும் பயமும் எளிதில் வழுவா.

இரண்டாவது, அந்தச் சாட்சியால் சொன்னவருக்கு லாபம் உண்டா என்று பார்க்க வேண்டும். கென்டக்கியில் இது முக்கியம். 1778-க்கு முன் குடியேறிப் பயிரிட்டவனுக்கு 400 ஏக்கர் உரிமையென்றும், அதை ஒட்டி 1,000 ஏக்கர் முதலில் வாங்கும் உரிமையுண்டென்றும் 1779-ல் வர்ஜீனியா அரசு சட்டம் செய்தது. சரியான அளவை இல்லாதபடியால் ஒரே நிலத்தைப் பலர் தமதென்றார்கள். கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியதுபோல் உரிமைகள் அடுக்கிக் கிடந்தன. வழக்குகள் பல்லாண்டு நீண்டன. இந்த மரத்தில் வெட்டிய அடையாளம் யாருடையது, இந்த ஊற்றில் முதலில் தங்கியவன் யார் என்று பழைய குடிகளை அழைத்துச் சாட்சி வாங்கினார்கள். ஆகவே அம்முதியோருக்கு ஓடையும் மரமும் நன்றாய் நினைவிருந்தது. அந்நினைவில் வழக்கின் சாயல் படிந்திருக்கவும் கூடும். இரண்டையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, பல சாட்சிகளை ஒப்பிட வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தால், மறுப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும். நமக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததைக் கிழித்தெறிந்தால், பின்வருகிறவன் நியாயம் தீர்க்க வழியில்லாமற் போகும்.

காகிதங்கள் எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு சான்று. 1778 பிப்ரவரியில் உப்புக் காய்ச்சப் போன கூட்டத்தோடு டேனியல் பூன் ஷானியர் கையில் சிறைப்பட்டார். அவர்களுடைய தலைவர் அவரைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். ஜூன் மாதம் பூன் தப்பி வந்தபோது, அவர் எதிரிகளோடு சேர்ந்துகொண்டார் என்று சொந்த ஜனங்களே குற்றஞ்சாட்டி, படை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவர் குற்றமற்றவரென்று விடுதலை பெற்றார். ஃபில்சன் வெளியிட்ட நூலில் இந்த விசாரணை பற்றிப் பேச்சே இல்லை. டேனியல் டிராபியூ என்னும் குடியேறி முதுமையில் எழுதிவைத்த நினைவுக் குறிப்பிலிருந்தே அது முக்கியமாய்த் தெரியவந்தது. அச்சிட்ட நூல் மறைத்ததை மடித்து வைத்த காகிதம் சொல்லிற்று.

6. கேளாத குரல்கள்

ஆயினும் ஷேனுடைய தாள்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. அவர் கேட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக் குடியேறிகள். 1790-ல் கென்டக்கி மக்களில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினர் அடிமைகளாயிருந்த கறுப்பு மக்கள். காட்டை வெட்டியதிலும் சோளம் விதைத்ததிலும் அவர்கள் கையும் இருந்தது. அவர்களுடைய வாக்கு மிகக் குறைவாகவே எழுதப்பட்டது. நிலத்தை இழந்த ஷானியரும் டெலவேர் மக்களும் அதற்குள் மேற்கே விரட்டப்பட்டுவிட்டார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்கப் போனவர் மிகச் சிலரே. வென்றவனுடைய முதியோர் பேசினார்கள். தோற்றவனுடைய முதியோர் பேசியதை எழுதியவர் மிகச் சிலரே.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஒரு சம்பவத்தால் அறியலாம். ஒகாயோ நாட்டில் நாடென்ஹூட்டன் என்றொரு கிராமம். மொராவிய சபைப் போதகர்களிடம் ஞானஸ்நானம் பெற்ற டெலவேர் மக்கள் அங்கே சமாதானமாய் உழுது வாழ்ந்தார்கள். 1782 மார்ச் 8-ந் தேதி பென்சில்வேனியாவிலிருந்து வந்த குடிப்படையினர் அந்தக் கிறிஸ்தவர்களில் 96 பேரைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவரில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். சாகுமுன் அவர்கள் செபித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிறுவர் மாத்திரம் தப்பினார்கள்.

கொன்றவர்கள் தண்டனை பெறவில்லை. கொலையுண்டவர்களுக்காகப் பேசியது என்ன? காகிதங்கள்தாம். அவர்களுடைய போதகரான டேவிட் சைஸ்பெர்கர் (1721–1808) ஊழிய நாட்குறிப்பு எழுதுகிறவர். அவருடைய உடன் ஊழியரான ஜான் ஹெக்கவெல்டர் 1820-ல் அந்த ஊழியத்தின் சரித்திரத்தை வெளியிட்டார். சைஸ்பெர்கரின் 1781 முதல் 1798 வரையுள்ள நாட்குறிப்பு 1885-ல் சின்சினாட்டியில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. நாம் முன்னே சொன்ன டாட்ரிட்ஜ், அந்தக் குடிப்படையினர் வாழ்ந்த அதே எல்லைப்புறத்து ஜனங்களிடையே வளர்ந்தவர். அவர்களுக்கே ஊழியம் செய்தவர். இருந்தும் 1824-ல் தம் நூலில் அக்கொலையைக் கண்டித்து எழுதினார். சொந்த ஜனங்களுடைய பெருமையை எழுதுவது சுலபம். அவர்களுடைய பாவத்தை அவர்கள் நடுவிலிருந்தே எழுதுவதற்கு மனத்தைரியம் வேண்டும்.

7. ஏலத்துக்கு வந்த பெட்டிகள்

மீண்டும் ஷேனிடம் வருவோம். இருபது ஆண்டு சேர்த்தவர் என்ன நூல் எழுதினார்? அவர் கருதிய பெருஞ்சரித்திரம் எழுதப்படவே இல்லை. 1864-ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அவர் சின்சினாட்டியில் இறந்தார். அவருடைய ஏடுகளும் காகிதங்களும் ஏலத்துக்கு வந்தன.

அன்று யாரும் கேட்காதிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். நல்லவேளையாக இரண்டு பேர் கேட்டார்கள். விஸ்கான்சின் மாநிலச் சரித்திரச் சங்கத்தின் செயலாளரான லைமன் டிரேப்பர் (1815–1891) ஒரு பெரும் பகுதியை வாங்கினார். சபை சம்பந்தமான மற்றொரு பகுதி, 1852-ல் தொடங்கப்பட்டு பிலடெல்பியாவிலிருந்த பிரெஸ்பிட்டேரியன் சரித்திரச் சங்கத்தைச் சேர்ந்தது. ஒரு மனிதனுடைய உழைப்பு இரண்டாய்ப் பிரிந்தது; ஆனால் பிழைத்தது.

டிரேப்பரும் அவரைப்போன்றவரே. அவர் சேர்த்தவை ஏறக்குறைய 500 தொகுதிகள். மேலே சொன்ன டிராபியூவின் குறிப்பும் அவற்றுள் ஒன்றில் இருக்கிறது. எல்லைப்புற வீரர் பலருடைய சரித்திரத்தை எழுத அவர் திட்டமிட்டார். பூனின் சரித்திரத்தைத் தொடங்கி முடிக்காமல் விட்டார். எழுதி முடித்து வெளியிட்ட பெரிய நூல் 1881-ல் வந்த ஒன்றே. உலகத்தார் கணக்கில் இரண்டு பேரும் காரியம் முடிக்காதவர்கள்.

கடவுளுடைய கணக்கு வேறு. 1928 முதல் கென்டக்கியின் ஃபில்சன் சங்கம் தன் காலாண்டு இதழில் ஷேனின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாய் அச்சிட்டது. முதலில் வந்தவற்றுள் ஒன்று கிளிங்கன்பியர்டுடையது. டிரேப்பரின் தொகுதிகள் பின்னர் மைக்ரோபிலிமாகி அமெரிக்கா எங்குமுள்ள நூல் நிலையங்களை அடைந்தன. 1998-ல் எலிசபெத் பெர்க்கின்ஸ் என்னும் சரித்திர ஆசிரியை ஷேனின் தாள்களை அடிப்படையாக வைத்தே, அந்நாளைய சாதாரண மக்களின் வாழ்வையும் நினைவையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஷேன் இறந்து 134 ஆண்டுகளுக்குப் பின்!

அவரே 1850-ல் அவசரமாய் ஒரு சரித்திரம் எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும்? அக்கால வழக்கப்படி போதகர்களின் வாழ்க்கையும் கோயில் கட்டிய விவரமும் இருந்திருக்கும். தட்டில்லாத குடித்தனத்துக்கு அதில் இடமிருந்திராது. நூலாகாமல் நின்றதனால்தான் கேட்டபடியே பேச்சு நமக்குக் கிடைத்தது.

8. நமக்குள்ள பாடம்

சமாரியப் பெண்ணோடு பேசியபின் நமதாண்டவர் தம் சீஷர்களுக்கு விதைப்பவனையும் அறுப்பவனையும் பற்றிப் போதித்ததை நினைவுகூருங்கள். அவர் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபின் மீந்த துண்டுகளையும் பொறுக்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தன. அப்பத்தைப் படைக்க வல்லவருக்குத் துண்டு எதற்கு? வீணாக்கலாகாது என்பதைக் கற்பிக்கவே. மனிதருடைய நினைவுகளும் அத்தகைய துண்டுகளே.

திருச்சபை இதில் அசட்டையாயிருந்ததில்லை. பங்கு குரு விவாகப் பதிவேடு வைத்துக் காக்க வேண்டுமென்று திரெந்து பொதுச்சங்கம் 1563-ல் கட்டளையிட்டது. ஞானஸ்நானம், விவாகம், மரணம் மூன்றும் நம் பங்கு ஏடுகளில் உண்டு. ஆனால் ஏடு பெயரும் தேதியும் ஞானத்தாய் தகப்பனையும் சொல்லும். அந்தக் குழந்தை பிறந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல வீட்டிலிருக்கும் பாட்டியால்தான் முடியும்.

ஆகையால் படித்த பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் புத்தி இது:

ஒன்று. வீட்டு முதியவரிடம் ஒரு ஞாயிறு மாலை உட்காருங்கள். அவர் என்ன உண்டார், எங்கே வேலை செய்தார், எதற்குப் பயந்தார், யார் உதவினார் என்று கேளுங்கள். கதை சுற்றி வளைந்து போனாலும் தடுக்காதீர்கள்.

இரண்டு. அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். தாளின் தலைப்பில் சொன்னவர் பெயர், வயது, ஊர், கேட்ட தேதி, கேட்டவர் பெயர் ஐந்தையும் குறியுங்கள். இந்த ஐந்தும் இல்லாத தாள் தலையில்லாத உடல்.

மூன்று. சின்னம்மா ஒருவிதமாயும் பெரியப்பா வேறுவிதமாயும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். நீங்கள் நியாயாதிபதியாக வேண்டாம்.

நான்கு. வீட்டில் பேசாதவர்களையும் கேளுங்கள். வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டில் உழைத்தவர், மணமாகாமல் இருந்துவிட்ட அத்தை, எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா: இவர்களே ஒருவரும் கேளாதவர்கள்.

ஐந்து. உண்மையோடு பிறர்சிநேகமும் இருக்கட்டும். உயிரோடிருப்பவருடைய மானத்தைக் கெடுக்கும் வதந்தியை எழுதிவைப்பது சரித்திரமன்று, அவதூறு. ஆனால் நம் குடும்பமோ நம் ஊரோ பிறருக்குச் செய்த அநியாயம் மெய்யாய் நடந்ததானால், வெட்கத்துக்காக அதை அழிக்காதீர்கள். டாட்ரிட்ஜ் அழிக்கவில்லை.

ஆறு. எழுதியதை யாரிடம் விட்டுப் போவதென்று உயிரோடிருக்கும்போதே ஏற்பாடு செய்யுங்கள். ஒரு பிரதி உங்களிடமும், ஒரு பிரதி வேறோரிடத்திலும் இருக்கட்டும். ஏல நாளில் ஒரு டிரேப்பர் வருவாரென்று எல்லாரும் எதிர்பார்க்க முடியாது.

இறந்தோருக்காக வேண்டிக்கொள்வது நம் கடமை. அவர்கள் சொல்லிப்போனதைக் காப்பதும் அவர்கள்மேல் வைக்கும் சிநேகத்தின் ஒரு பகுதியே. ஒரு கத்தியோடு குடித்தனம் தொடங்கிய அந்த ஏழைத் தம்பதிகளை, யாரோ ஒரு போதகர் பொறுமையாய்க் கேட்டபடியால் நாம் இன்று அறிகிறோம். உங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பவரை யார் அறிவார்? நீங்கள் கேட்டால்தான்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. சொல்லுகிறவருடைய பேச்சைத் திருத்தி அழகாக எழுதுவதால் வரும் நஷ்டம் என்ன? ஃபில்சனையும் ஷேனையும் ஒப்பிட்டு விடை கூறுக.

2. ஒரு சாட்சியை நிறுத்துப் பார்க்கும் மூன்று வழிகள் யாவை?

3. நாடென்ஹூட்டனில் மாண்டவர்களைப் பற்றிய உண்மை எவ்வாறு காக்கப்பட்டது?

4. உங்கள் குடும்பத்தில் எண்பது வயதைக் கடந்தவர் யார்? அவரிடம் இதுவரை ஒருவரும் கேளாத கேள்வி எது?

கடைசிக் கேள்விக்கு விடை எழுதுகிறவர்கள் அதை நமக்குக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் பெட்டியில் பத்திரமாய் வையுங்கள்.

உங்கள் பங்கு குரு